புதுப் போனின் முதல் ரிங்

கந்தப்பனின் போனுக்குப் பேய் பிடித்திருந்தது. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். தோப்பில் கை தவறி விழுந்ததில் கண்ணாடி நெடுகிலும் விரிசல் ஓடி, அன்றிலிருந்து யாரும் தொடாமலே அது தன் போக்கில் வேலை பார்த்தது. வேண்டாத படமெல்லாம் திறக்கும். டார்ச் எரியும். ஒருநாள் விடியற்காலையில் அதுவாகவே சம்பந்தியைக் கூப்பிட்டுவிட, அந்த மனுஷன் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். அதையெல்லாம் சிரித்து மழுப்பிவிடலாம். ஆனால் போன வாரம் இரண்டு தரம் அது மோட்டாரைக் கூப்பிட்டது. அதைச் சிரித்து மழுப்ப முடியாது.

கந்தப்பனின் கிணற்று மோட்டார் போனில்தான் ஓடும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அவர் நம்பரிலிருந்து ஒரு தரம் கூப்பிட்டால் மோட்டார் ஓடும், மறுபடி ஒரு தரம் கூப்பிட்டால் நிற்கும். வேறு யார் கூப்பிட்டாலும் அசையாது. உள்ளே குட்டியாக ஒரு பேட்டரி இருப்பதால் கரண்ட் இல்லாவிட்டாலும் ரிங் மட்டும் போகும். ஆனால் மோட்டார் ஓடுகிறதா, நிற்கிறதா என்று திருப்பிச் சொல்லும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. மலிவான சரக்கு. மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீசியன் பெட்டியின் நம்பரைக் கந்தப்பனின் சிம்மிலேயே ‘ஏ’ என்று பதிந்து கொடுத்திருந்தார், தேடாமல் முதலில் வரட்டும் என்று. கல்யாணப் பந்தியில் ஒரு கையால் பாயசம் குடித்துக்கொண்டே மறு கையால் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பெருமை அந்தச் சுற்று வட்டாரத்தில் முதன்முதலில் கந்தப்பனுக்குத்தான் வாய்த்தது. அதை அவர் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது கிணறு தூர் வார வேண்டும். கோடைக்கு முன்னால் சேற்றை அள்ளாவிட்டால் தென்னை காய்ந்துவிடும். உடுமலைப் பக்கத்திலிருந்து வரும் வீரபாண்டியின் ஆட்கள்தான் இந்த வேலைக்குப் பேர் போனவர்கள். அவர்களைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. கெஞ்சிக் கூத்தாடி வியாழக்கிழமைக்கு ஒத்துக்கொள்ள வைத்திருந்தார். முழங்கால் தண்ணீரில் வீரபாண்டி நிற்க, பக்கத்திலேயே மோட்டார் தொங்கும். அதன் கேபிளில் ஒரு ஜாயின்ட். டேப் சுற்றி எத்தனையோ காலமாகிறது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று வருஷா வருஷம் நினைத்து, வருஷா வருஷம் மறந்துபோகிற ஜாயின்ட். ஆள் உள்ளே நிற்கும்போது இந்தப் பேய் பிடித்த போன் மோட்டாரைக் கூப்பிட்டால் தண்ணீரில் கரண்ட் பாயும். ஆகவே புதுப் போன் வாங்குவதென்று முடிவாயிற்று.

வாங்குவது என்ற முடிவு ஒரு நொடியில் எடுத்தது. எங்கே, எப்படி என்பதற்குத்தான் வீடு இரண்டுபட்டது.

பெங்களூரிலிருந்து மகன் சந்துரு முதலில் ஆரம்பித்தான். “அப்பா, புது மாடல் ஒண்ணு வியாழக்கிழமை ரிலீஸ் ஆவுது. சூப்பரா இருக்குதுங்கறாங்க. நான் ஆன்லைன்ல போட்டுடறேன். ஊட்டுக்கே வந்துரும்.”

“எந்த ஊட்டுக்கு? போன தடவை மிக்ஸி ஜாரு நம்ம ஊட்டுக்கா வந்துச்சு?” என்று கந்தப்பன் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய தோப்பு கேரளத்தின் கடைசித் தோப்பு. வேலிக்கு அப்பால் இரண்டு தோட்டம் தள்ளினால் தமிழ்நாடு. பின்கோடு பாலக்காட்டுக்காரர்களுடையது, வீட்டுக்கு வரும் நல்ல ரோடோ பொள்ளாச்சிப் பக்கமிருந்து. கொரியர் பையன் இந்தப் பக்கம் வந்தால் ரோடு இல்லை என்பான், அந்தப் பக்கம் வந்தால் அட்ரஸ் இல்லை என்பான். மிக்ஸி ஜார் எல்லையை மூன்று முறை தாண்டி, கடைசியில் குப்பண்ணனின் டீக்கடையில் பன் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தது.

மனைவி நாச்சம்மாள் பாலக்காட்டுக்குப் போகச் சொன்னாள். பெரிய கடை, கம்பெனி ஆளே இருப்பான், ரிப்பேர் என்றால் கேட்க நாதி உண்டு என்றாள். கந்தப்பனுக்கு அது ஒத்துவரவில்லை. ஓட்டும் ரேஷனும் கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீஸும் அவருக்குக் கேரளம்; துணிமணி, நகை, மாட்டுத் தீவனம், மோட்டார் எல்லாம் பொள்ளாச்சி. கஜானாவில் வரி கட்டுகிற அளவுக்கு அவருக்கு மலையாளம் வரும். பேரம் பேசுகிற அளவுக்கு வராது. பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அவருக்குச் சீரணிக்காது.

“பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல உன்ற தம்பி கடை இருக்கறப்ப, பாலக்காட்டுக்கு எதுக்குப் புள்ள போறது?” என்றார். பூபதிராஜா நாச்சம்மாளின் சித்தப்பா மகன். செல்போன் கடை வைத்திருந்தான்.

“சொந்தக்காரங்க கடையில வாங்குனா, கெட்டுப்போச்சுன்னு நாலு வார்த்தை திட்டக்கூட முடியாதுங்க. ஒரு டீயக் குடுத்து வாய அடைச்சுப்போடுவான் பூபதி.”

“டீயாவது குடுப்பானல்லொ. பாலக்காட்டுல அதுவும் இல்ல.”

நாச்சம்மாள் அதோடு விடவில்லை. “வியாழக்கெழம கெணத்துல ஆளு எறங்குது. வேலை முடிஞ்சு மக்காநாளுப் போய் வாங்குனா போனு புளிச்சுப் போயிருமாக்கும்?”

இங்கேதான் கந்தப்பனின் வண்டவாளம் வெளியே வந்தது. பூபதிராஜா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தான்: முதல் நாள் வாங்குகிறவர்களுக்குக் காதில் மாட்டுகிற பாட்டுக் கருவி இலவசம், மாமாவுக்கென்று ஒரு பீஸ் ஒதுக்கி வைத்திருக்கிறேன், தாமதமானால் யார் தலையிலாவது கட்டிவிடுவேன் என்று. எல்லைப் பக்கத்தில் அந்தப் போனை முதலில் வைத்திருப்பவர் தாமாக இருக்க வேண்டும் என்ற ஆசை கந்தப்பனைப் பிடித்து ஆட்டியது. அறுபதை நெருங்குகிற ஆள், நோம்பிக்குத் துணி கேட்கும் பையன் மாதிரி ஒற்றைக்காலில் நின்றார்.

“பேய் புடிச்ச போன ஊட்ல வெச்சுக்கிட்டு ஆள எறக்கறதா? அதுக்குத்தான் போறேன்,” என்று காரணத்தையும் கண்டுபிடித்தார். காரணம் நன்றாகவே இருந்தது. அவரே நம்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் வீரபாண்டியும் ஆட்களும் வந்து கிணற்று மேட்டில் கிரேனை நிறுத்தினார்கள். கந்தப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாச்சம்மாளைக் கூப்பிட்டு, அவள் கண் முன்னாலேயே பழைய போனை அமுக்கிப் பிடித்து ஸ்விட்ச் ஆஃப் செய்தார்.

“பாத்துக்க. போனு செத்துப்போச்சு. இனி மோட்டாரு எப்படி எந்திரிக்கும்? தைரியமா எறங்கச் சொல்லு.”

நாச்சம்மாள் போனைப் பார்த்தாள், மோட்டார் ரூமைப் பார்த்தாள். “சரிங்க, போயிட்டு வாங்க,” என்றாள். கந்தப்பன் குப்பண்ணன் கடைக்கு முன்னால் பஸ் ஏறினார். வழி நெடுக, போனை அணைத்த தம் முன்ஜாக்கிரதையை நினைத்து நினைத்து மெச்சிக்கொண்டார்.

பூபதிராஜாவின் கடையில் பலூன் கட்டியிருந்தார்கள். வாசலில் கூட்டம். மாமாவைக் கண்டதும் பூபதிராஜா டீ சொன்னான், நாச்சம்மாள் சொன்னது போலவே. கவுண்ட்டரில் யோகப்பிரியா என்ற பெண் பெட்டியை முன்னால் வைத்து, ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தாள். கந்தப்பன் கிழித்தார். உள்ளே ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று போன் படுத்திருந்தது. தொடவே கூச்சமாக இருந்தது அவருக்கு. பேரம் பேசி ஒரு கவரும் கண்ணாடியில் ஒட்டுகிற தாளும் சேர்த்து வாங்கினார். மனசு நிறைந்தது.

“ஏனுங்கய்யா, சிம்மை மாத்திரட்டுங்களா?” என்று யோகப்பிரியா கேட்டாள்.

“மாத்து அம்முணி.”

கவர் நீலமா கறுப்பா என்று அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பழைய போனை ஊசியால் குத்திச் சிம்மை எடுத்துப் புதுப் போனில் போட்டாள். எதையோ தட்டினாள், காதில் வைத்தாள், தலையாட்டினாள்.

“ரிங் போகுதுங்கய்யா. நல்லாக் கிளியராக் கேக்குது.”

“ஆருக்கு?”

“சிம்முல ஒரே ஒரு நம்பர்தானுங்க இருந்துச்சு. ஏ-ன்னு போட்டிருக்குது. ரெண்டு ரிங்கு போனதும் கட் பண்ணிட்டேனுங்க.”

கவர் கந்தப்பனின் கையிலிருந்து விழுந்தது.

போனை அணைத்தாரே தவிர, ஸ்டார்ட்டரைத் தொடவே இல்லை. பெட்டியின் ஓரத்தில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு திருகு இருக்கிறது. அதை மேனுவலில் திருப்பினால் எந்தப் போனும் மோட்டாரை எழுப்ப முடியாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. திருப்பினாரா? இல்லை. திருப்பவில்லை. போன் செத்தால் மோட்டாரும் செத்தது என்று நினைத்துவிட்டார். இப்போது போன் இன்னொரு உடம்பில் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

“கெணத்துல ஆளு இருக்குது,” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

யோகப்பிரியாவுக்கு முதலில் புரியவில்லை. இரண்டு வாக்கியத்தில் அவர் சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “இன்னொருக்காக் கூப்பிட்டா நின்னுருமுங்களா?” என்று போனை நீட்டினாள்.

கந்தப்பன் வாங்கினார். விரல் அந்த ‘ஏ’ மேல் போய் அந்தரத்தில் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் இந்த ரிங் அதை நிறுத்தும். ஆனால் இரண்டே ரிங்கில் வெட்டிய அழைப்பைச் சில சமயம் பெட்டி எடுத்துக்கொள்ளாது. அதுவும் அவருக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால், இப்போது நிற்கிற மோட்டாரை இந்த ரிங் ஓட்டிவிடும். அமுக்கினாலும் ஆபத்து, அமுக்காவிட்டாலும் ஆபத்து. அவருடைய விரல் தன்னால் மடங்கிக்கொண்டது.

“நாச்சாளைக் கூப்புடு, மாப்ள!” என்று கத்தினார்.

மனைவியின் நம்பர் அவருக்குத் தெரியாது. மகன் நம்பரும் வீரபாண்டி நம்பரும் தெரியாது. அதெல்லாம் பழைய போனுக்குள் இருந்தது; அதை உயிர்ப்பித்தால் கண்ணாடி துள்ளிக் குதித்துக் கோலம் போட்டதே தவிர, பூட்டுத் திறக்க விடவில்லை. மாசா மாசம் ரீசார்ஜ் செய்வதால் மனப்பாடமாகியிருந்த ஒரே நம்பர் மோட்டாருடையது. நல்லவேளை, பூபதிராஜாவிடம் அக்காவின் நம்பர் இருந்தது. அடித்தான். ரிங் முழுக்கப் போய் நின்றது. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. கரண்ட் ஆபீஸில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லலாம் என்றால், அது கேரளத்து ஆபீஸ். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் யாரிடம் அந்த நம்பர் இருக்கும்?

“வாங்க மாமா,” என்று பூபதிராஜா பைக் சாவியை எடுத்தான். “அம்முணி, நீ அக்காளுக்கு அடிச்சுக்கிட்டே இரு.”

பைக் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கந்தப்பனுக்கு அது நகரவே இல்லை. வீரபாண்டிக்கு இரண்டு பெண் குழந்தைகள். காலையில் டீ குடிக்கும்போது அவன்தான் சொன்னான், பெரியவள் இந்த வருஷம் பத்தாவது என்று. எதற்கு அதையெல்லாம் கேட்டோம் என்றிருந்தது. காதில் மாட்டுகிற ஓசிச் சாமானுக்கு ஆசைப்பட்டு ஒரு ஆளைக் கொன்றவன் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிக்கொள்வார். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் தேங்காய் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பூபதிராஜா மண்ணில் இறக்கி, வேலியோரமாக ஒடித்து வண்டியை நுழைத்தான். சட்டைப் பைக்குள் புதுப் போன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. எடுத்து வீசிவிடலாம் போலிருந்தது. ஆனால் வீசினால், விழுகிற வேகத்தில் அதுவே கூப்பிட்டுத் தொலைத்தால்? இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

தோப்புக்குள் வண்டி திரும்பியபோது கிரேன் சத்தம் இல்லை. ஆள் சத்தமும் இல்லை. அந்த அமைதி அவரை உலுக்கியது. வண்டி நிற்கும் முன்பே குதித்து, செருப்பு ஒன்று கழன்று எங்கோ போக, கிணற்று மேட்டுக்கு ஓடினார்.

“வீரபாண்டி! டேய், வீரபாண்டி!”

“ஏனுங்கண்ணா?”

குரல் கிணற்றிலிருந்து வரவில்லை. வலது பக்கத்து மரத்தடியிலிருந்து வந்தது. தலை முதல் கால் வரை சேறு அப்பிய உருவம் ஒன்று தட்டை மடியில் வைத்துச் சோறு பிசைந்துகொண்டிருந்தது. சுற்றி அதேபோல இன்னும் மூன்று உருவங்கள். நடுவில் குழம்புக் கரண்டியோடு நாச்சம்மாள்.

கந்தப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி சேற்றில் ஊறுவதும் தெரியவில்லை. மூச்சு திரும்பி வர, அதோடு கண்ணிலும் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

“என்னங்க ஆச்சு? பஸ்ஸுல காசு கீது தொலைச்சுப்போட்டீங்களா?” என்று நாச்சம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். சிம் மாற்றியது, அந்தப் பெண் கூப்பிட்டது, இரண்டு ரிங் போனது. “மோட்டாரு… மோட்டாரு ஓடலியா?”

“அதெப்படி ஓடும்?” நாச்சம்மாள் சேலை மடியை அவிழ்த்தாள். உள்ளே மெயின் பெட்டியின் மூன்று ஃபியூஸ் கட்டைகள், வெள்ளை வெளேரென்று, கோழி முட்டையைப் பொத்தி வைத்த மாதிரி. “நீங்க அந்தப் பக்கம் பஸ் ஏறுனீங்க, நான் இந்தப் பக்கம் புடுங்கி மடியில கட்டிக்கிட்டேன். நீங்க போனத்தான் அணைச்சீங்க. மோட்டாரை ஆரு அணைச்சா?”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னாக் கேக்கற மூஞ்சியா அது? வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு மாப்பிள்ள மாதிரி நின்னீங்க. பஸ்ஸு வேற வந்துருச்சு.”

வீரபாண்டி வாயில் சோற்றோடு சிரித்தான். “அக்கா கட்டையப் புடுங்கி மடியில கட்டுன பொறவுதானுங்கண்ணா எங்கள எறங்க உட்டாங்க. போறப்ப வாரப்பல்லாம் மடியத் தட்டிக் காட்டறாங்க.”

கந்தப்பனுக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து அவர் விக்கியதைப் பார்த்து நாச்சம்மாள் பயந்துபோய்த் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். இவளிடம் எதையும் கேட்காமல் இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நடத்தியது தாமில்லையோ என்றும் தோன்றியது.

பூபதிராஜா கடைக்குப் போன் செய்தான். “ஒண்ணும் ஆகுல அம்முணி, எல்லாரும் சோறு தின்னுக்கிட்டிருக்காங்க,” என்றதும் மறுமுனையில் அந்தப் பெண் ஓவென்று அழுதது கிணற்று மேடு வரை கேட்டது. கந்தப்பன் போனை வாங்கி, “உம்மேல தப்பில்ல கண்ணு. அடுத்த தடவ வாரப்ப உனக்கு எளநி கொண்டாறேன்,” என்றார்.

“அக்கா, நீ ஏன் போன எடுக்கல?” என்று பூபதிராஜா கேட்டான்.

“அடுப்படியில சார்ஜுல கெடக்குது. நாலு பேருக்குச் சோறு போடறதா, போனுக்குப் பொறத்தால ஓடறதா?”

புதுப் போனைக் காட்டச் சொல்லி வீரபாண்டி கேட்டான். கையில் சேறு என்று தொட மறுத்துவிட்டான். கந்தப்பன் பிடித்துக் காட்ட, எட்டியிருந்தே பார்த்து, “நல்லாத்தானுங்க இருக்குது,” என்றான். போனில் எடுத்த முதல் படம் அதுதான்: சேறு பூசிய நான்கு பேர், பல் மட்டும் வெள்ளையாக, நடுவில் மடியைப் பிடித்துக்கொண்டு நாச்சம்மாள்.

சாயங்காலத்துக்குள் தூர் வாரி முடிந்தது. கேபிள் ஜாயின்ட்டையும் அன்றைக்கே வெட்டிப் புதிதாகப் போட வைத்தார் கந்தப்பன். அடியில் ஊற்று கண் திறந்து தெளிந்த தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்கள் குளித்துக் கிளம்பிய பிறகு, நாச்சம்மாள் ஒருமுறை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மோட்டார் ரூமுக்குள் போய், மடியிலிருந்து கட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினாள்.

“ம், இப்பக் கூப்புடுங்க,” என்றாள்.

கந்தப்பன் சுவரில் சாய்ந்து நின்று, உதட்டை அசைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். மோட்டார் அசையவில்லை. அடுப்படியில் நாச்சம்மாளின் போன் அடித்தது.

“இந்நேரத்துல ஆரு?” என்று அவள் வீட்டுக்குள் ஓடிப் போனை எடுத்தாள். “ஆருங்க?”

“நாந்தான்,” என்றார் கந்தப்பன், மோட்டார் ரூமிலிருந்து. “மத்தியானமிருந்து படிச்சு உன்ற நம்பரை மனப்பாடம் பண்ணிட்டேன். பாக்காமயே அடிச்சேன்.”

“அது சரி,” என்றாள் நாச்சம்மாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க, மறந்தரப் போவுது. பொறவு மோட்டாரைப் போடுங்க.”